காரணமின்றி உள்ளே நுழைந்தார்

ஜூலை 9

இன்று மூன்று பேரைச் சுத்த அறை வாசலிலிருந்தே திருப்பி அனுப்பினேன். ஒருவன் தலையில் தேங்காய் எண்ணெய். இன்னொருவன் வரும் வழியில் வடை தின்றுவிட்டு விரலைக் கால்சட்டையில் துடைத்திருக்கிறான். மூன்றாவது நம் கணபதிராமன் சார். நிறுவனத்தின் தலைவராகவே இருக்கட்டும், வெடித்த உதட்டுக்குக் களிம்பு தடவிக்கொண்டு என் அறைக்குள் வர முடியாது. போய்க் கழுவிவிட்டு வந்தார்.

வள்ளியூரில் என்னை எல்லோரும், "ராக்கெட் கம்பெனியில என்ன வேல பாக்குத?" என்று கேட்கிறார்கள். பாத்திரம் விளக்குகிறேன் என்று சொல்லிவிடுவேன். பொய்யில்லை. அலுமினியப் பொடியைத் திரவ ஆக்சிஜனில் கலந்து சாம்பல் நிறத்தில் ஒரு கூழ் செய்கிறோம். அந்தக் கூழே எரிபொருள். நிலாவின் மண்ணில் இந்த இரண்டும் இருக்கிறதாம், இங்கிருந்து சுமந்து போக வேண்டாமாம். அது சாரின் கனவு. என் கவலையெல்லாம் அந்தக் கூழ் தொடும் குழாய், வால்வு, கலன் எதிலும் ஒரு பொட்டு எண்ணெய் இருக்கக் கூடாது என்பதுதான். திரவ ஆக்சிஜன் பக்கத்தில் எண்ணெய் இருந்தால் நெருப்பே தேவையில்லை, ஒரு தட்டுப் போதும். கழுவுவேன், இருட்டறையில் ஊதா விளக்கு அடித்துப் பார்ப்பேன். எண்ணெய் இருந்தால் வெளிறிய நீலத்தில் மின்னும். மின்னாவிட்டால் 'சுத்தம்' என்று சீட்டு எழுதி, செண்பகவல்லி என்று கையெழுத்துப் போடுவேன்.

ஆயுத பூசைக்குக்கூடச் சோதனைக் கொட்டகைக்குள் சந்தனம், குங்குமம் கிடையாது. வெளியே கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பழைய பீப்பாயை வைத்து, அதற்கு மாலை போட்டுச் சூடம் காட்டுவோம். சட்டம் போட்டது சார். விடாமல் காப்பாற்றுவது நான்.

ஜூலை 14

எஞ்சினின் இரண்டாவது சோதனையும் தோற்றது. கூழ் கட்டிதட்டிக் குழாயில் நின்றுவிட்டது. சார் எல்லோர் முன்னாலும், "உங்க சீட்டை நம்பலாமா செண்பகம்?" என்று கேட்டார். பதினொரு வருட வேலை. பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். இனி ஒரு வாரத்துக்கு அவரோடு பேச்சில்லை. கோபம் வந்தால் கத்த எனக்குத் தெரியாது, வாயை மூடிக்கொள்வேன். வீட்டில் இவருக்கு அது பழகிவிட்டது. டயர் கடையிலிருந்து வந்து என் முகத்தைப் பார்த்ததும் தானே தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் செல்வின் தேநீர் வாங்கி வந்தான். கலவை இயந்திரத்தை ஓட்டுகிறவன் அவன். நாசரேத்துக்காரன், முப்பத்துநான்கு வயது. யாருடைய மனமும் நோகக் கூடாது என்று பார்த்துப் பார்த்துப் பேசுவான். எனக்கு அது சில சமயம் எரிச்சலாக இருக்கும்.

"யக்கா, சாருக்கு ஆத்தாம. நீங்க மனசுல வைக்காதிய."

"எனக்கு மனசே கெடையாது. நீ போலே."

சிரித்துக்கொண்டே போனான்.

திருச்செந்தூர் இலைத் திருநீறு தீர்ந்துவிட்டது. பேருந்து நிலையக் கடையில் ஒரு பாக்கெட் வாங்கினேன். நல்ல தாழம்பூ வாசனை.

ஜூலை 15

பேருந்தில் வரும்போது ஒரு யோசனை. திருநீறு என்பது சாம்பல். எரிந்து முடிந்த பொருள். இனிமேல் எரிவதற்கு அதில் என்ன இருக்கிறது? எந்த விஞ்ஞானியைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான்.

ஜூலை 17

நான்கு விநாடி எரிந்தது! கட்டுப்பாட்டு அறையில் திரை முழுக்க வெள்ளை. அலுமினியம் எரிகிற வெளிச்சம் அப்படித்தான் இருக்குமாம். சார் குழந்தை மாதிரி குதித்தார். என்னிடம் வந்து கையைக் குலுக்கினார். ஒரு வாரம் ஆகும் முன்பே நானும் பேசிவிட்டேன்.

இந்த நான்கு விநாடியில் என் பங்கும் உண்டு. சீட்டு எழுதியதைச் சொல்லவில்லை. வேறு ஒன்று. அதை இங்கே எழுத வேண்டாம்.

செல்வின் மட்டும் என்னிடம் தனியாக வந்து நின்றான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு, "எல்லாத்தையும் நான் பாத்துக்கிடுதேன்க்கா. நீங்க நிம்மதியா இருங்க" என்றான். எதைப் பார்த்துக்கொள்கிறான் என்று நான் கேட்கவில்லை.

ஜூலை 22

ஒன்பது விநாடி. மாவு ஆட்ட வேண்டும், உளுந்து ஊறுகிறது.

ஜூலை 27

ஆடிக் காற்று பேயாட்டம் ஆடுகிறது. கணவாயில் காற்றாலைகள் நிற்காமல் சுற்றுகின்றன. காற்று ஏறுவதற்கு முன், காலை எட்டு மணிக்குள் சோதனையை முடிக்க வேண்டும் என்று சார் சொல்லிவிட்டார். நாளை மறுநாள் ஐந்தாவது சோதனை.

ஜூலை 29

செல்வின் இறந்துவிட்டான்.

ஆகஸ்ட் 2

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அன்று காற்று சீக்கிரம் கிளம்பும் என்று தெரிந்ததும் சார் சோதனையை நாற்பது நிமிடம் முன்னால் தள்ளினார். செல்வினின் பேருந்து பிந்திவிட்டது. ஒவ்வொரு சோதனைக்கு முன்னும் கொட்டகைக்குள் கடைசியாக ஒருமுறை சுற்றி வந்து பார்ப்பது அவன் வேலை. அன்று அவனுக்காகக் காத்திருக்காமல் சாரே சுற்றி வந்துவிட்டார். செல்வின் வேர்த்து விறுவிறுத்து நேராகக் கட்டுப்பாட்டு அறைக்கு வந்தபோது குழாய்களைக் குளிர வைக்கத் திரவ ஆக்சிஜனைத் திறந்தாயிற்று. அதைத் திறந்த பிறகு யாரும் கொட்டகைக்குள் போகக் கூடாது.

"சுத்திப் பாத்தாச்சா சார்?"

"நான் பாத்துட்டேன். நீ உக்காரு."

உட்கார்ந்தான். பிறகு திரும்பி என்னைப் பார்த்தான். நான் சுவரோரம் நின்றிருந்தேன். அவ்வளவு நேரம் அவன் என்னை ஒருபோதும் உற்றுப் பார்த்ததில்லை. "ஒரு நிமிசம் சார்" என்று எழுந்து போனான். கழிப்பறைக்குப் போகிறான் என்று எல்லோரும் நினைத்தோம். திரையில் கொட்டகைக் கதவு திறப்பது தெரிந்தது. குளிர்ப் புகைக்குள் அவன் வால்வை நோக்கிக் குனிந்தான். சார், "செல்வின்!" என்று ஒலிபெருக்கியில் கத்தினார். பிறகு அந்த வெள்ளை வெளிச்சம்.

நாசரேத்தில் அடக்கம். பெட்டியைத் திறக்கவில்லை. அவன் மனைவி பியூலா அழவில்லை. வந்த ஒவ்வொருவரிடமும், "எதுக்கு உள்ள போனாவ?" என்று மட்டும் கேட்டாள். என்னிடமும் கேட்டாள். தெரியவில்லை என்று சொன்னேன்.

ஆகஸ்ட் 5

விசாரணைக்கு மூன்று பேர் வந்திருக்கிறார்கள். தீ வால்வின் கழுத்தில் தொடங்கியதாம். ஆக்சிஜன் ஓடும்போது அந்த இடத்தில் எப்போதும் கொஞ்சம் கசிந்து வெண்பனி பிடித்திருக்கும். என்னிடம் அரை மணி நேரம் கேட்டார்கள். வால்வை எதில் கழுவினீர்கள், விளக்கு அடித்தீர்களா, சீட்டு எங்கே. எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது.

"கழுவி மாட்டினப்புறம் நீங்க வேற எதுவும் செய்யலையே?"

"இல்ல சார்."

கேட்டவர் குறித்துக்கொண்டார். நல்ல மனிதர். வெளியே வரும்போது, தண்ணீர் குடிக்கிறீர்களா அம்மா என்று கேட்டார்.

ஆகஸ்ட் 9

சுத்த அறையில் தாழம்பூ வாசனை வருகிறது. நான்கு முறை கழுவிவிட்டேன். உதவிக்கு இருக்கும் பையனிடம் கேட்டேன், ஒன்றும் வரவில்லையே என்கிறான். அங்கே காற்றை மூன்று வடிகட்டிகள் வழியாக விடுகிறோம். ஒரு பூவின் வாசனை உள்ளே வர வழியே இல்லை.

இருட்டறையில் விளக்கைப் போட்டால் இன்னும் மோசம். கதவின் உள்பக்கத்தில், என் தோள் உயரத்துக்கு மேல், ஐந்து விரல் தடம் நீலமாகத் தெரிகிறது. உயரமானவனுடைய கை. தேநீருக்குக் கூப்பிட வந்து நிற்கும்போது செல்வின் அங்கே கையை ஊன்றிக்கொள்வான், அதனால் தடம் இருக்கலாம். அதைத் துடைக்க வேண்டும். துடைப்பதற்குத்தான் சம்பளம் வாங்குகிறேன். துணியோடு பக்கத்தில் போனால் முதுகுக்குப் பின்னால் அவன் நின்று அன்று போலப் பார்க்கிறான் என்று தோன்றுகிறது. பயமாக இருக்கிறது. பட்டப்பகல் பதினொரு மணிக்கு, நாற்பத்திரண்டு வயதில், எனக்குப் பயமாக இருக்கிறது.

வீட்டில் இவர், "பத்து நாளா வாயத் தொறக்கல. எம்மேல என்ன கோவம்?" என்று கேட்டார். உங்கள் மேல் இல்லை என்று சொன்னேன்.

ஆகஸ்ட் 11

இன்று அந்தத் திருநீற்றுப் பாக்கெட்டைக் கொண்டுபோனேன். இருட்டறைக் கதவைத் தாழிட்டு, ஒரு கண்ணாடித் தட்டில் கொட்டி, விளக்கை அடித்தேன்.

மின்னியது.

வெறும் சாம்பல் மின்னாது. அடுப்புச் சாம்பலையும் ஒரு தாளில் மடித்து எடுத்துப் போயிருந்தேன், அது கருப்பாகக் கிடந்தது. பாக்கெட்டின் பின்பக்கத்தை அப்போதுதான் படித்தேன். வாசனைத் தைலம் சேர்க்கப்பட்டது என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது. ஊரில் உள்ள உதட்டையும் தலையையும் விரலையும் மோப்பம் பிடிக்கிற நான், என் கையில் இருந்த பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கவில்லை.

மூன்றாவது சோதனையிலிருந்து, வால்வை மாட்டிய பிறகு, யாரும் இல்லாத நேரத்தில், அதன் கழுத்தில் ஒரு விரல் பூசினேன். மூன்று சோதனைக்கும் பூசினேன். இதோ எழுதிவிட்டேன்.

ஆகஸ்ட் 12

தண்ணீர் விட்டார்கள். எல்லாக் குடத்திலும் பிடித்து வைத்தேன்.

ஆகஸ்ட் 13

ஒரு கணக்கு இடிக்கிறது. மூன்றாவது சோதனையிலும் நான்காவதிலும் அதே கடைத் திருநீற்றைத்தான் பூசினேன். அப்போது ஏன் ஒன்றும் ஆகவில்லை? அப்படியானால் திருநீறு காரணமில்லை. இதை நேற்று முழுக்கப் பிடித்துக்கொண்டு திரிந்தேன். மதியம் சோறுகூட இறங்கியது. ஆனால் அதை நம்பினால் இருட்டறைக் கதவில் இருக்கும் தடத்தை ஏன் இன்னும் துடைக்காமல் இருக்கிறேன்?

ஆகஸ்ட் 16

சார் அழைத்து அறிக்கையின் நகலைக் காட்டினார். ஆள் பாதியாகிவிட்டார். ஆறு பக்கம். ஐந்தாவது பக்கத்தில் இருக்கிறது: 'தடை செய்யப்பட்ட நேரத்தில் கலவை இயந்திர இயக்குநர் செல்வின் காரணமின்றி உள்ளே நுழைந்தார். அவர் கொண்டுவந்த ஏதோ ஒரு பொருளிலிருந்து தீ தொடங்கியிருக்கலாம்.'

"காரணமில்லாமலா சார்?"

"எனக்கு மட்டும் எழுத ஆசையா? ஃபோனைக்கூட வாசல் கேட்டுல இருக்கற பெட்டியில வச்சிட்டுத்தான் வந்திருக்கான். எடுக்கறதுக்கு உள்ள எதுவும் இல்ல. நான் யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன். உங்களுக்கு ஏதாவது தோணுதா?"

தோன்றவில்லை என்றேன். இருபதாம் தேதி நாங்கள் இருவரும் சாட்சியாகக் கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான், மூடிவிடுவார்கள்.

ஆகஸ்ட் 18

பியூலா வீட்டுக்கே வந்துவிட்டாள். வெயிலில் பேருந்து நிறுத்தத்திலிருந்து நடந்து, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு. அந்தப் பெண்ணுக்கு ஏழு வயது. இவர் அதைக் கடைக்குக் கூட்டிப் போய்ப் பழைய டயரில் உட்கார வைத்து மிட்டாய் கொடுத்தார்.

யாரோ பியூலாவுக்கு அந்த ஐந்தாவது பக்கத்தைச் சொல்லியிருக்கிறார்கள்.

"காரணமில்லாம அவிய ஒரு கதவக்கூடத் தொறக்க மாட்டாவக்கா. வீட்டுல கக்கூஸ் கதவ ரெண்டு தடவ தட்டிட்டுத்தான் தொறப்பாவ. பிள்ளைய பள்ளிக்கூடத்துல, ஒங்கப்பா கோட்டிக்காரனாட்டம் தீக்குள்ள ஓடுனானாமேன்னு கேக்குதுவ. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். எதுக்குப் போனாவன்னு மட்டும் தெரியணும். நீங்க அங்கதான நின்னிய? கடைசியா எதாச்சும் சொன்னாவளா?"

"ஒரு நிமிசம்னு சொன்னான்."

"அது சார்ட்ட. உங்ககிட்ட?"

"என்கிட்ட ஒண்ணும் சொல்லல."

இது உண்மை. ஒன்றும் சொல்லவில்லை, பார்க்க மட்டும் செய்தான். தண்ணீர் கொடுத்தேன், குடித்தாள். கிளம்பும்போது என் கையைப் பிடித்து, "உங்களப் பத்தி அடிக்கடி பேசுவாவக்கா" என்றாள். கை பற்றி எரிகிற மாதிரி இருந்தது.

ஆகஸ்ட் 19

விடுப்புச் சொல்லிவிட்டு நாசரேத்துக்குப் போனேன். பேருந்தில் இரண்டு முறை இறங்கிவிடலாமென்று எழுந்தேன். வேலை போகும், வழக்குக்கூட வரலாம். இவருக்குச் சொல்லாமல் வந்திருக்கிறேன். இவ்வளவும் யோசித்தேன். அதற்கு மேல் அந்தப் பிள்ளை டயரில் உட்கார்ந்து மிட்டாயைத் தின்னாமல் கையில் வைத்திருந்தது நினைவுக்கு வந்தது.

பியூலா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்லியிருக்க மாட்டேன். தீ அந்த வால்வின் கழுத்தில் பிடித்தது, அங்கே நான் திருநீறு பூசினேன், அதில் எண்ணெய் இருந்தது, விசாரணையில் பொய் சொன்னேன். உன் புருசன் கொண்டுபோன எதுவும் காரணமில்லை. அவன் ஏன் உள்ளே போனான் என்பது மட்டும் சத்தியமாக எனக்குத் தெரியாது.

அவள் திட்டுவாள் என்று நின்றேன். கையில் பிழிந்த பாவாடையோடு அப்படியே நின்றாள்.

"அது அவியளுக்குத் தெரியும்க்கா."

"எது?"

"நீங்க துன்னூறு பூசுறது. மொத தடவையே பாத்துட்டாவ. என்கிட்ட சொல்லிச் சிரிச்சாவ. 'செண்பகக்கா வால்வுக்குப் பூசிட்டுப் போயிருக்காவ. பாவம், பயந்து போயிருக்காவ. சொன்னா சங்கடப்படுவாவ. கடைசியா சுத்தி வரும்போது நானே தொடச்சிருதேன், அவியளுக்குத் தெரியவே வேண்டாம்'னு சொன்னாவ. அதே மாதிரி ரெண்டு தடவையும் தொடச்சிட்டாவ."

பியூலாவின் முகம் மாறுவதைப் பார்த்தேன். சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கும் புரிந்திருக்கிறது.

"அன்னிக்குப் பஸ் பிந்திட்டு" என்றாள். "சுத்தி வர முடியல."

"ஆமா."

"அப்ப அதுக்குத்தான் போனாவளா?"

"ஆமா பியூலா."

குளிர் இறங்கியிருந்த வால்வில் அவன் துணியை வைத்துத் தேய்த்திருப்பான். ஆக்சிஜன் ஊறி நிற்கிற இடத்தில் எண்ணெயின் மேல் ஒரு தேய்ப்பு. அவனுக்கு அது தெரியும். சாரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சோதனையை நிறுத்தியிருப்பார். ஏன் என்று கேட்டிருப்பார். அறையில் எல்லோரும் இருந்தார்கள், நானும் சுவரோரம் இருந்தேன். அந்தப் பார்வைக்கு இப்போது அர்த்தம் தெரிகிறது. என்னை எல்லோர் முன்னாலும் காட்டிக்கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை.

பியூலா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அப்போதுதான் அழுதாள். மூன்று வாரமாக அழாத அழுகை. அவளைத் தொட எனக்குக் கை வரவில்லை.

ஆகஸ்ட் 20

இரண்டு பக்கம் எழுதி, பாக்கெட்டையும் உறையில் போட்டு சாரின் மேசையில் வைத்தேன். நின்றுகொண்டே படித்தார். முதல் பக்கத்தில் கோபம் வந்தது, மேசையைத் தட்டினார். இரண்டாவது பக்கம் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "நான் சுத்தி வந்தேனே. என் கண்ணுல படலையே" என்றார். வெளிறிய உலோகத்தின் மேல் ஒரு விரல் சாம்பல் எப்படித் தெரியும் என்று நான் சொல்லவில்லை. அறிக்கையை நிறுத்திவைத்து விசாரணைக்காரர்களை மறுபடி கூப்பிட்டிருக்கிறார். ஐந்தாவது பக்கத்தை அவரே பேனாவால் அடித்தார். என் சாவிகளை வாங்கிக்கொண்டார். மேலே என்ன என்று தெரியாது. வருவது வரட்டும்.

வெளியே கேட்டில் பியூலா நின்றிருந்தாள். நான் சொன்னபடி செய்கிறேனா என்று பார்க்க வந்திருக்கிறாள், நியாயம்தான். ஐந்தாவது பக்கத்தை அடித்தாயிற்று என்று சொன்னேன். தலையாட்டினாள். காற்றில் சேலையைப் பிடித்துக்கொண்டு சாலை வரை இருவரும் நடந்தோம். பேருந்து தூரத்தில் தெரிந்தபோது அவள் என் பக்கம் திரும்பினாள்.

"ஒண்ணு கேக்கட்டாக்கா? மொத நாளே அவிய உங்ககிட்ட நேரா வந்து, இப்படிச் செய்யாதியன்னு சொல்லிருந்தா, என்ன செஞ்சிருப்பிய?"

கேட்டிருப்பேன், திருந்தியிருப்பேன் என்று சொல்ல வாய் வந்தது. அவளிடம் இனி ஒரு பொய்கூடச் சொல்லக் கூடாது என்று இருந்தேன்.

"கோவப்பட்டிருப்பேன். ஒரு வாரம் அவன்கூடப் பேசியிருக்க மாட்டேன்."

பேருந்து வந்து நின்றது. அவள் ஏறவில்லை.

"அவ்வளவுதானா?" என்று கேட்டாள்.

"அவ்வளவுதான்."